பிரிட்டன் மீன்பிடிப் படகில் வேலைக்கு வருகிறீர்களா? மருத்துவச் சான்றிதழை முதலில் சரிசெய்யுங்கள்

பீட்டர்ஹெட், பிரேசர்பரோ, கில்கீல், நியூலின் என எந்தத் துறைமுகத்துக்கு வந்தாலும், படகில் ஏறுமுன் மருத்துவத் தகுதிச் சான்றிதழைக் கேட்பார்கள். மீன்பிடித் தொழிலுக்கான, சர்வதேச தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) உடன்படிக்கை எண் 188 (2007) இதைக் கட்டாயமாக்குகிறது. சிறு படகுகளுக்கு நாடுகள் விலக்கு தரலாம். ஆனால் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுக்கும், வழக்கமாக மூன்று நாளுக்கு மேல் கடலில் தங்கும் படகுக்கும் விலக்கு கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் படகுகளில்தான் ஏறுகிறார்கள்.

ஊரில் விடியலில் போய் மதியம் கரையேறும் தொழிலில் உடம்புக்கு முடியவில்லை என்றால் படகைத் திருப்பிவிடலாம். வடகடலில் அப்படி முடியாது. அங்கே படகுத் தலைவரான ஸ்கிப்பர் ரேடியோவில் கடலோரக் காவலை அழைப்பார். அவர்கள் போர்ட்ஸ்மவுத் அல்லது அபர்டீன் மருத்துவமனை டாக்டரோடு இணைப்பு கொடுப்பார்கள். ஹெலிகாப்டர் வரும்வரை கையில் இருப்பது படகின் மருந்துப் பெட்டி மட்டும்தான். சான்றிதழ் தரும் டாக்டர் உங்களிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் இந்த நிலையை மனதில் வைத்துத்தான்.

எடுக்க வேண்டிய சான்றிதழின் பெயர் இஎன்ஜி 1. கடல்சார் முகமையான எம்சிஏ அங்கீகரித்த டாக்டர்கள் மட்டுமே இதைத் தர முடியும்; பட்டியல் அரசு இணையதளத்தில் இருக்கிறது. நீங்கள் பதிந்திருக்கும் குடும்ப டாக்டர் (ஜிபி) தர முடியாது. கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, நேரம் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எம்எல் 5 என்று ஒரு எளிய சான்றிதழும் உண்டு. அது சிறு படகில் குறுகிய பயணம் போகிறவர்களுக்கானது. நாளை பெரிய படகுக்கு மாறினால் உதவாது. புதிதாக வருபவர் இஎன்ஜி 1 எடுப்பதே நல்லது. சில நாடுகளின் கடலோடி மருத்துவச் சான்றிதழ்களை இதற்குச் சமமாக எம்சிஏ ஏற்கிறது. உங்கள் கையில் ஒன்று இருந்தால் பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைப் பாருங்கள்.

விசாவுக்கு எடுத்த காசநோய்ச் சான்றிதழை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களிடம் கேட்கும் மார்பு எக்ஸ்ரே அது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

டாக்டரிடம் போகும்போது பாஸ்போர்ட், பழைய சான்றிதழ், கண்ணாடி, சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், ஏதாவது ஆபரேஷன் ஆகியிருந்தால் அதன் டிஸ்சார்ஜ் தாள் எல்லாம் எடுத்துப்போங்கள். மருந்தின் கம்பெனிப் பெயர் இங்கே யாருக்கும் புரியாது. ஊரிலிருந்து கிளம்புமுன்பே உங்கள் டாக்டரிடம் பொதுப் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். உயரம், எடை, பிரஷர், சிறுநீர், பார்வை, காது, பல், நெஞ்சு, வயிறு, கை கால் அசைவு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். ரத்தமும் எக்ஸ்ரேயும் வழக்கமாகக் கேட்பதில்லை.

நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது நிறப் பார்வையில். புள்ளிகளால் ஆன எண்ணைப் படிக்கச் சொல்லும் இஷிஹாரா புத்தகத்தைக் காட்டுவார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர் இதுவரை அதை உணர்ந்தே இருக்க மாட்டார். ஆனால் இரவில் படகின் இடப்புற விளக்கு சிவப்பு, வலப்புறம் பச்சை. பச்சைக்குக் கீழே வெள்ளை எரிந்தால் அது இழுவைமடி இழுக்கும் படகு; சிவப்புக்குக் கீழே வெள்ளை எரிந்தால் வேறு வகையில் மீன்பிடிக்கும் படகு. படகை ஓட்டும் அறையான வீல்ஹவுஸில் சுற்றிலும் கவனித்துக் காவல் நிற்பவருக்கு இது தெரியாவிட்டால் மோதல்தான். நிறம் காட்டும் சிறப்புக் கண்ணாடியோ லென்ஸோ போட்டுத் தேற முடியாது. இஷிஹாராவில் தவறினால் மேற்கொண்டு சோதனைக்கு அனுப்பக் கேளுங்கள். அதிலும் முடியாவிட்டால் காவல் நிற்காத வேலை என்ற கட்டுப்பாட்டோடு சான்றிதழ் கிடைக்கலாம். பணம் செலவழித்து வருமுன் ஊரிலேயே ஒரு கண் டாக்டரிடம் இதைப் பார்த்துவிடுவது மிகப் பெரிய உதவி. பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படுகிறவர் இரண்டாவது ஜோடியும் படகில் வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது சுகர். மாத்திரையில் கட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் வழி உண்டு. கடந்த சில மாதச் சர்க்கரை அளவைச் சொல்லும் எச்பிஏ1சி ரத்தச் சோதனையின் சமீபத்திய முடிவைக் காட்டுங்கள். மெட்பார்மின் மட்டும் என்றால் டாக்டர் அதிகம் கவலைப்பட மாட்டார். கிளிபென்கிளமைடு, கிளிக்லசைடு போன்றவை ரத்தச் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடக்கூடியவை; இரவு முழுக்க மடி இழுத்து, சாப்பாடு தள்ளிப்போகும் தொழிலில் அது ஆபத்து. இன்சுலின் போடுகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருக்கும், ஆளைப் பொறுத்து முடிவெடுப்பார்கள். மறைத்தாலும் சிறுநீர்ச் சோதனை காட்டிக்கொடுத்துவிடலாம்.

பிரஷருக்கு ஐஎல்ஓவும் சர்வதேச கடல்சார் அமைப்பான ஐஎம்ஓவும் சேர்ந்து வகுத்த வழிகாட்டலில் 160/100 ஒரு கோடு. அதற்கு மேல் போனால் சிகிச்சை எடுத்துச் சீராகும்வரை தற்காலிகத் தகுதியின்மை. பயணக் களைப்போடும் தூக்கமில்லாமலும் போய் நின்று பலர் இதில் மாட்டுகிறார்கள். இரண்டு நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள், அன்று காபியும் சிகரெட்டும் வேண்டாம். மாத்திரை எடுப்பவர் அதை நிறுத்திவிட்டுப் போகக்கூடாது.

குடலிறக்கம் இருந்தால் முதலில் அறுவை மருத்துவரிடம் காட்டி, தேவையானால் ஆபரேஷன் முடித்துவிட்டு வாருங்கள். பளு தூக்கும்போது குடல் சிக்கிக்கொண்டால் நடுக்கடலில் ஒன்றும் செய்ய முடியாது. சிறுநீரகக் கல்லும் சொத்தைப்பல்லும் அப்படியே. ஊரில் குறைந்த செலவில் முடியும் வேலையை இங்கே வந்து செய்ய நினைக்காதீர்கள். வலிப்பு வந்தவருக்கு முழுத் தகுதி கிடைக்க, மருந்தில்லாமல் பத்து ஆண்டு வலிப்பின்றி இருந்திருக்க வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டலின் அளவு.

முடிவு நான்கு வகை: முழுத் தகுதி, கட்டுப்பாட்டுடன் தகுதி, தற்காலிகத் தகுதியின்மை, நிரந்தரத் தகுதியின்மை. தகுதி மறுத்தாலோ கட்டுப்பாடு போட்டாலோ இஎன்ஜி 3 என்ற தாள் தருவார்கள். மறுபரிசீலனை கேட்கும் முறை அதில் இருக்கிறது. கால அவகாசம் ஒரு மாதம்தான், அதைக் கோட்டை விடாதீர்கள். ஒரு டாக்டர் மறுத்ததைச் சொல்லாமல் இன்னொருவரிடம் போவது குற்றம்.

ஆங்கிலம் போதாதவர் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். ஏஜென்ட்டை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். உங்களைப் படகில் ஏற்றினால்தான் அவருக்கு ஆதாயம். நீங்கள் சொன்ன நெஞ்சுவலியை அவர் சொல்லாமல் விட்டால், கீழே கையெழுத்து உங்களுடையது. வேலை வாங்கித் தந்ததற்காக மீனவரிடம் பணம் வாங்குவதையும் உடன்படிக்கை 188 அனுமதிப்பதில்லை.

சான்றிதழ் அதிகபட்சம் இரண்டு ஆண்டு செல்லும். 18 வயதுக்குக் கீழே ஓராண்டு. பயணத்தின் நடுவில் காலாவதியானால் அந்தப் பயணம் முடியும்வரை செல்லும். இடையில் நோயோ காயமோ வந்து 30 நாள் அல்லது அதற்கு மேல் வேலைக்குப் போக முடியாமல் போனால், மறுபடி அங்கீகரித்த டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும். மூலச் சான்றிதழைப் படகுக்கு எடுத்துப்போங்கள். இரு பக்கமும் படம் எடுத்துப் போனிலும் வீட்டிலும் வைத்திருங்கள்.