சொந்த நிலத்தில் மொபைலா, மாடுலரா, சைட்-பில்ட்டா: காசைக் கரைக்கும் தவறுகள்

டெக்சஸிலோ வட கரோலினாவிலோ ஊருக்கு வெளியே ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி இது: லாரி இழுத்து வரும் மொபைல் வீடா, தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து கிரேனில் இறக்கும் மாடுலரா, இல்லை நிலத்திலேயே செங்குத்தாக எழுப்பும் சைட்-பில்ட்டா? பட்ஜெட் போடு, மூன்று இடத்தில் விலை கேள் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விவரம் தெரிந்தவர்களே புதிதாக வரும்போது வரிசையாகச் சறுக்கும் இடங்கள் மட்டும் இங்கே.

டீலர் ‘மாடுலர்’ என்று சொன்னால் மாடுலர் ஆகிவிடாது

மொபைல் ஹோம் என்று பேச்சில் சொல்வது 1976 ஜூன் 15 அன்றோ அதற்குப் பிறகோ கூட்டரசின் ஹட் (வீட்டுவசதித் துறை) விதிப்படி செய்யப்பட்டிருந்தால், காகிதத்தில் அது மேனுஃபாக்சர்ட் ஹோம். அடியில் இருக்கும் இரும்புச் சட்டம் அதன் நிரந்தர உறுப்பு. மாடுலர் வீடு, சைட்-பில்ட் வீட்டுக்குரிய அதே மாநில, உள்ளூர் கட்டட விதிப்படி செய்யப்படுவது. இரண்டும் தொழிற்சாலையில்தான் பிறக்கின்றன, உள்ளே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஷோரூமில் குழப்பம் வளர அது போதும்.

வெளியே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் பின்முனையில், அதாவது இழுத்துவரும்போது டெயில் லைட் இருக்கும் பக்கத்தில், வீட்டின் உள்தள மட்டத்திலிருந்து ஓர் அடி மேலே, ஓரத்திலிருந்து ஓர் அடி உள்ளே, 2×4 அங்குலத்தில் ஒரு சிவப்பு அலுமினியத் தகடு ரிவிட் அடித்திருக்கும். மூன்று எழுத்து, பிறகு ஓர் எண். அது இருந்தால் ஹட் வீடு, பேச்சு முடிந்தது. மாடுலரில் அது இருக்காது, மாநில முத்திரை இருக்கும்.

இதை ஏன் பார்க்க வேண்டும் என்றால், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகம்) அனுமதித்தாலும் நிலப் பத்திரத்தோடு பதிவான கட்டுப்பாடுகள் தடுக்கலாம். ஹூஸ்டனில் எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் ஸோனிங் சட்டமே கிடையாது, ஆனால் பத்திரக் கட்டுப்பாடுகள் உண்டு. சில பத்திரங்களில் மேனுஃபாக்சர்டுக்கு மட்டும் தடை, சிலவற்றில் ‘வேறிடத்தில் செய்து கொண்டுவரும் எந்த வீடும்’ என்று மாடுலரையும் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். முன்பணம் கொடுக்கும் முன் அந்தக் காகிதத்தை முழுதாக வாசியுங்கள்.

காற்று மண்டலம்

வீட்டுக்குள் சமையலறை அலமாரிக் கதவிலோ மின்பலகை அருகிலோ டேட்டா பிளேட் என்ற தாள் ஒட்டியிருக்கும். எந்தக் காற்று மண்டலத்துக்குச் செய்த வீடு என்பதை அதில் பாருங்கள். மண்டலம் 1-க்குச் செய்த வீட்டைக் கடற்கரை ஓர மண்டலம் 2-இல் நிறுத்த முடியாது. மண்டலம் 2-க்குச் செய்ததை மண்டலம் 1-இல் நிறுத்தலாம்.

பிளாக் மேல் உட்காரவைத்து ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்பது

இதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. தடுப்பதற்கு மலிவான நேரம் ஒன்றே ஒன்றுதான், அந்த நேரம் பார்த்துத்தான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

வழக்கமாக நடப்பது இப்படி. டீலர் கொட்டேஷனில் சாதாரண செட்டப், நிரந்தர அஸ்திவாரம் என்று இரண்டு விலை இருக்கும். ‘இங்கேதானே இருக்கப்போகிறோம், சாதாரணமே போதும்’ என்று கணவனும் மனைவியும் முடிவெடுப்பார்கள். மண்ணைச் சமப்படுத்தி, 8×8×16 அங்குலக் காங்கிரீட் பிளாக்குகளைக் கலவை இல்லாமல் அடுக்கி, அதன் மேல் இரும்புச் சட்டத்தை உட்காரவைத்து, மண்ணில் திருகும் ஆங்கர்களில் (நங்கூரக் கம்பிகளில்) பட்டையைக் கட்டி, சுற்றி வினைல் ஸ்கர்ட்டிங் என்ற மறைப்பைப் போட்டுவிட்டுப் போவார்கள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. ஒழுங்காகச் செய்தால் குடியிருக்கவும் குறையில்லை: 36 அங்குல உயரம் வரை ஒற்றை அடுக்கு, அதற்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக இரட்டை அடுக்கு, சட்டத்துக்கும் மண்ணுக்கும் குறைந்தது 12 அங்குல இடைவெளி, கீழே 6 மில் தடிமனுள்ள பிளாஸ்டிக் விரிப்பு.

சிக்கல் சில வருடம் கழித்து, விற்கும்போது அல்லது கடனை மாற்றும்போது வரும். வாங்க வருபவர் எஃப்எச்ஏ கடனில் (கூட்டரசு காப்பீடு தரும் வீட்டுக் கடனில்) வருகிறார். வங்கி, உரிமம் பெற்ற இன்ஜினியரின் அஸ்திவாரச் சான்று கேட்கிறது. இன்ஜினியர் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, டார்ச்சோடு வயிற்றால் ஊர்ந்து போய்ப் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது 1996-இல் வெளியான ஹட் கையேடு. மண்ணில் திருகும் ஆங்கர் நிரந்தரப் பிணைப்பு ஆகாது என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. ஃபுட்டிங் (மண்ணுக்குள் ஊற்றும் அடிக் காங்கிரீட்) உறைபனி இறங்கும் ஆழத்துக்குக் கீழே போயிருக்க வேண்டும், வீடு காங்கிரீட்டோடு பிணைந்திருக்க வேண்டும், சக்கரம், அச்சு, இழுவைக் கொக்கி மூன்றும் போயிருக்க வேண்டும். சான்று கிடைக்காது. இப்போது ஒன்றரை அடி உயரச் சந்துக்குள் ஆள் படுத்துக்கொண்டு குழி தோண்டிக் காங்கிரீட் ஊற்ற வேண்டும். வீடு வரும் முன் வெட்டவெளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை. செலவு தாங்காமல் விட்டால் மிச்சம் இருப்பது ரொக்கத்தில் வாங்குபவர்கள் மட்டும். அவர்களுக்கு உங்கள் நிலைமை நன்றாகவே தெரியும், விலையை அடித்துக் கேட்பார்கள்.

அஸ்திவாரத்தோடு பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். மேனுஃபாக்சர்ட் வீடு பிறக்கும்போது காரைப் போல அசையும் சொத்து. வட கரோலினாவில் அதற்கு வாகனத் துறையின் டைட்டில் (உரிமைச் சான்று) இருக்கும். டெக்சஸில் மாநில வீட்டுவசதித் துறை தரும் ‘ஸ்டேட்மெண்ட் ஆஃப் ஓனர்ஷிப்’. அப்படியே விட்டால் நிலம் ஒரு காகிதத்தில், வீடு வேறொரு காகிதத்தில். அந்த வீட்டுக்குக் கிடைப்பது சாட்டல் கடன், அதாவது அசையும் சொத்தின் மேல் தரும் கடன்: வட்டி கூடுதல், தவணைக்காலம் குறைவு. வட கரோலினாவில் டைட்டிலைத் திருப்பிக் கொடுத்து, கவுண்டிப் பதிவாளரிடம் உறுதிமொழிப் பத்திரம் பதிய வேண்டும். டெக்சஸில் அசையாச் சொத்து என்று தேர்வு செய்தால் மட்டும் போதாது, வரும் சான்றிட்ட நகலை 60 நாளுக்குள் கவுண்டியில் பதிய வேண்டும். தபாலில் வந்த காகிதத்தைப் பத்திரமாக ஃபைலில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். நிலம் இருவர் பேரில், வீடு ஒருவர் பேரில் என்றிருந்தாலும் மாற்றம் நின்றுவிடலாம்.

டீலர் ஒப்பந்தத்தில் மூன்று வரி எழுதி வாங்குங்கள்: அஸ்திவாரம் ஹட் கையேட்டின்படி, இன்ஜினியர் சான்று யார் செலவில், டைட்டில் மாற்றம் யார் பொறுப்பு. காங்கிரீட் ஊற்றும் முன் குழிக்குள் டேப்பை இறக்கி, ஆழம் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாடுலருக்கு வரைபடம் வரும் முன் அஸ்திவாரம் போடுவது

நேரம் மிச்சம் என்று உள்ளூர் ஆளை வைத்து ‘28×52 தானே’ என்று ஊற்றிவிடுவார்கள். பெட்டியின் உண்மையான வெளி அளவும் நடுவில் சுமை தாங்கும் தூண்களின் இடமும் தொழிற்சாலை வரைபடத்தில்தான் இருக்கும். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று நீங்களே டேப் பிடித்துப் பாருங்கள். கிரேன் வந்து நிற்கும் நாளில் கோணல் தெரிந்தால் அதற்கு மணிக்கணக்கில் வாடகை ஓடும். கிரேன் கால் ஊன்ற உறுதியான தரை, பெட்டி சுழலும் பாதையில் மின்கம்பி, குறுகிய வளைவு, எல்லாவற்றையும் ஆர்டருக்கு முன்னால் பார்க்க வேண்டும்.

இன்னொன்று வங்கி. தொழிற்சாலை பெட்டி கிளம்பும் முன் பெரும்பகுதிப் பணம் கேட்கும். சாதாரணக் கட்டுமானக் கடன் நிலத்தில் நிற்கும் வேலைக்குத்தான் பணம் விடும். மாடுலருக்கென்று தவணை அமைத்துத் தரும் வங்கியாகப் பிடியுங்கள்.

செப்டிக்கைக் கடைசியில் யோசிப்பது

மண் சோதனை தேறாத நிலத்தில் மூன்று வகையும் ஒன்றுதான். செப்டிக் அளவைத் தீர்மானிப்பது படுக்கையறை எண்ணிக்கை, குளியலறை இல்லை. மூன்று அறைக்கு அனுமதி வாங்கிய நிலத்தில் நான்கு அறை வீட்டை ஆர்டர் செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. வட கரோலினாவில் கழிவுநீர்ப் படுகை கெட்டால் மாற்றிப் போட ஒதுக்கிடமும் காட்ட வேண்டும். டிரைவ்வேயை அதன் மேல் போட்டுவிடாதீர்கள்.

சைட்-பில்ட்டில் லீன் வெய்வர் வாங்காமல் தவணை கொடுப்பது

காண்டிராக்டருக்கு நீங்கள் கொடுத்த பணம் பிளம்பருக்குப் போகவில்லை என்றால், பிளம்பர் உங்கள் நிலத்தின் மேல் உரிமை கோரலாம். அப்படிக் கோரமாட்டேன் என்று எழுதித் தருவதுதான் லீன் வெய்வர். ஒவ்வொரு தவணைக்கும் அதில் கையெழுத்து வாங்குங்கள்.

வேறிடத்தில் நின்ற மேனுஃபாக்சர்ட் வீட்டைச் சல்லிசாக வாங்கி இழுத்துவருவது

ரொக்கம் கையில் இருந்தால் யோசிக்கலாம். அடமானக் கடனை நம்பியிருந்தால் வேண்டாம்.