ஒரே அளவில் பாலிமர் நுண்கோளங்கள்: எங்கே பிசகுகிறது?

மோனோமராக, அதாவது சங்கிலியாகக் கோக்கப்படும் சிறு மூலக்கூறாக, ஸ்டைரீன்; ஊடகமாக எத்தனால்; துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் நிலைநிறுத்தியாகப் பாலிவினைல் பைரோலிடோன்; வினையைத் தொடங்கிவைக்கும் துவக்கியாக ஏஐபிஎன் என்ற சேர்மம். கலந்து 70 டிகிரி செல்சியசில் ஒரு நாள் வைத்தால் சில மைக்ரான் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் கோளங்கள் கிடைக்கும். ஏறக்குறைய இதே அளவுக் கோளங்களை வேறொரு முறையில் செய்ய, 1980களில் அமெரிக்கர்கள் விண்வெளி ஓடத்தில் உலையை ஏற்றி அனுப்பினார்கள். நமக்கு ஒரு குடுவையும் எண்ணெய்த் தொட்டியும் போதும். ஆனால் கோளங்கள் ஒரே அளவில் வருமா என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது.

தெளிவாக இருக்கும் கரைசல் முதலில் லேசான நீலச் சாயல் காட்டும், பிறகு பால்போல் வெளுக்கும். வளர்ந்த பாலிஸ்டைரீன் சங்கிலிகள் எத்தனாலில் கரையாமல் பிரிந்து, ஒன்றோடொன்று ஒட்டி, நிலைநிறுத்தி போர்த்தியதும் துகள்களாக நிற்கும் கட்டம் இது. இதன்பின் புதுத் துகள் பிறக்கக் கூடாது. பிறந்தவை பருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தைக் கெடுப்பதில் முதலிடம், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டுவதற்கு. கோளங்கள் பின்னால் வேறு கரைப்பான்களில் கரையாதிருக்க, சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்கிணைப்பியான டைவினைல்பென்சீன் சேர்ப்பார்கள். தொடக்கத்திலேயே சேர்த்தால், சிறிதளவானாலும் கோணல்மாணலான துகள்களோ கட்டிகளோதான் மிஞ்சும். கார்பாக்சில் தொகுதி கொண்ட மோனோமர்களும் சாயங்களும் இதே வம்பைச் செய்யும். டொரான்டோ பல்கலைக்கழகத்தின் மிட்செல் வின்னிக் குழு 2004இல் காட்டிய வழி எளிது: துகள்கள் பிறந்து முடியும்வரை பொறுத்திருந்து, தொல்லை தரும் பொருளை எத்தனாலில் கரைத்துப் பிறகு சேர்ப்பது. குறுக்கிணைப்பியை அப்போதும் மெதுவாகச் செலுத்துவதே நல்லது.

ஆக்சிஜனை அலட்சியம் செய்வது அடுத்தது. கரைந்திருக்கும் ஆக்சிஜனும், ஸ்டைரீன் தானாக வினைபுரியாதிருக்க அதில் கலந்து வரும் தடுப்பானும் தொடக்கத்தைத் தள்ளிப்போடும். தள்ளிப்போகும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும். அதனால் நேற்று வந்த அளவு இன்று வராது. தடுப்பானைக் கார அலுமினாவில் வடித்து நீக்குங்கள். நைட்ரஜனைச் சூடேற்றும் முன்பே செலுத்துங்கள். சூட்டில் செலுத்தினால் எத்தனாலும் ஆவியாகிப் போகும்.

எத்தனாலில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பலர் பார்ப்பதே இல்லை. தண்ணீர் கூடினால் சங்கிலிகள் சீக்கிரமே பிரியும், கோளங்கள் சிறுக்கும். பெரிய கோளம் வேண்டுமென்று ஸ்டைரீனை அள்ளி ஊற்றுவதும் ஆபத்து. அது கூடக்கூட ஊடகத்தின் கரைதிறன் ஏறும். வினையில் செலவாகச் செலவாக இறங்கும். அப்போது இரண்டாம் தலைமுறைப் பொடித்துகள்கள் முளைக்கலாம். அவசரத்துக்குத் துவக்கியைக் கூட்டினாலும் அளவுகள் சிதறும்.

கலக்கியை வேகமாகச் சுழற்றுவதால் சீர்மை வராது. உறை ஊற்றிய பாலை யாராவது கடைந்துகொண்டிருப்பார்களா? துகள்கள் படியாத அளவுக்கு மெதுவாகச் சுழன்றால் போதும்.

கடைசியாக, அளவிடுதல். ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் படியத் தொடங்குவதால் ஒளிச்சிதறல் கருவி தரும் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். மின்னணு நுண்ணோக்கிப் படத்தில் சில நூறு கோளங்களையாவது அளந்து பாருங்கள். அந்த மாதிரியைக் கழுவும் முன்பே எடுங்கள். மையவிலக்குக் கருவியின் குறைந்த வேகச் சுழற்சியில் கழுவும்போது பொடித்துகள்கள் மேல்திரவத்தோடு போய்விடும். மிஞ்சியவற்றை அளந்தால், வினை சரியாக நடக்காதபோதும் அளவு வேறுபாடு குறைவாகவே தெரியும்.