மீன்களைக் கொண்டு ஓடையை மதிப்பிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடையின் நலத்தை அதில் வாழும் மீன்களைக் கொண்டு கணிக்கப் பயிலும் இளையோர், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் இன்றும் சறுக்குகிறார்கள். வலையின் கண்ணளவைக் குறிக்க மறப்பது போன்றவை களத்தில் தாமே திருந்திவிடும் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வகைகள் மிகுந்தால் ஓடை நலம் என்று முடிவுகட்டுவது

இதைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. மீன்களைக் கொண்டு ஓடைக்கு மதிப்பெண் இடும் முறையே உயிரியல் முழுமைக் குறியீடு; 1981-இல் சூழலியலாளர் ஜேம்ஸ் கார் அமெரிக்க நடுமேற்கு ஓடைகளுக்காக அதை முன்வைத்தார். அதன் 12 அளவுகோல்களில் மீன் வகைகளின் மொத்த எண்ணிக்கை ஒன்று மட்டுமே. அதையும் ஓடையின் பருமனுக்கு ஏற்ப எதிர்பார்க்கத்தக்க எண்ணிக்கையோடு ஒப்பிட்டே மதிப்பெண் இடவேண்டும்.

பொதிகைச் சரிவில் நீர் விரைந்து பாயும் ஒரு சிற்றோடையில், பாறையில் ஒட்டிப் பாசி சுரண்டும் கல்லொட்டியும் ஓரிரு சிறு கெண்டைகளுமே கிடைத்தன. அடிவாரத்தில் ஊர்ச் சாக்கடை கலக்கும் இடத்துக்குக் கீழே ஜிலேபிக் கெண்டை, கப்பி, கம்பூசியா, கொரவை என்று பட்டியல் நீண்டது. என் பார்வைக்கு வந்த அறிக்கை மலையோடையை ‘மோசம்’ என்றும் அடிவாரத்தை ‘நன்று’ என்றும் தரப்படுத்தியிருந்தது. ஏற்கெனவே கெட்ட ஓடைதானே என்று, அந்தத் தரத்தைக் காட்டியே மேலே தடுப்பணை கட்ட வாதாடினார்கள். ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கப்பியும் கம்பூசியாவும் கொசுப்புழுவை ஒழிக்க விடப்பட்ட அயல்வகைகள். கொரவையோ மேலே வந்து காற்றைச் சுவாசித்து, ஆக்சிஜன் குறைந்த நீரிலும் தாக்குப்பிடிக்கும். சீர்கெட்ட நீரில் பிழைக்கத் தெரிந்தவற்றின் பட்டியலுக்கா ‘நன்று’ என்று எழுதுவது?

அதே மலைத்தொடரில், அதே உயரத்தில், அதே பருமனில், மனிதர் கை மிகக் குறைவாகப் பட்ட ஓடைகளை முதலில் ஆய்ந்து, அங்கே இருக்கவேண்டிய மீன்கள் எவை என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். அயல்வகைகளைத் தனியே எண்ணுங்கள். மத்தியப் பிரதேசத்தின் கான், க்ஷிப்ரா ஆறுகளைப் பற்றி 1998-இல் வெளியான ஆய்வும் காரின் அளவுகோல்களை அங்குள்ள மீன்களுக்கேற்ப மாற்றியே பயன்படுத்தியது.

மடுவில் மட்டும் வலை வீசுவது

கல்லொட்டி நீர் விரைந்தோடும் பாய்ச்சலிலும் அயிரை மணலிலும் இருக்கும்; மடுவில் மட்டும் தேடினால் இவை தப்பிவிடும். ஆகவே பாய்ச்சல், மடு, மணல்திட்டு, கரையோர வேர்ச்சந்து ஆகிய அனைத்திலும், ஒப்பிடப்போகும் எல்லா ஓடைகளிலும், ஒரே வலையைக் கொண்டு ஒரே அளவு நேரம் தேடவேண்டும்.

வெள்ளத்துக்கு மறுநாளே இறங்குவது

நீர் வடிந்து தெளியும்வரை பொறுத்திருங்கள்.

மீனின் உடலைப் பார்க்காமல் எண்ணுவது

புண், கட்டி, சிதைந்த துடுப்பு ஆகியவையும் காரின் அளவுகோல்களில் சேரும். மீன் வாளியில் இருக்கும்போதே அவற்றைக் குறித்துக்கொண்டு, நாட்டு வகைகளைப் பிடித்த இடத்திலேயே உயிரோடு விட்டுவிடுங்கள்.