முதல் 20 லிட்டர் பேல் ஏல்

பேல் ஏல் என்பது வெளிர்நிற பீர் வகை. நாம் காய்ச்சுவது இனிப்பும் கசப்புமான மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) கஷாயம்தான். அதைப் பீராக்குவது ஈஸ்ட். அடுப்பு வேலையில் நேரும் தவறுகளைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அடுப்பை அணைத்தபின் நேரும் தவறுகளுக்குத்தான் பரிகாரம் கிடையாது. வீட்டில் மது தயாரிக்க எல்லா இடத்திலும் அனுமதி இல்லை என்பதால் அதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

20 லிட்டருக்கு வெளிர்நிற மால்ட் சாறுப் பொடி 2.7 கிலோ, கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 10 சதவீதம் உள்ள ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் உலர்ந்த பூ) 50 கிராம், 11 கிராம் உலர் ஏல் ஈஸ்ட் பொட்டலம் ஒன்று வேண்டும். 30 லிட்டர் பாத்திரம், ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய 25 லிட்டர் நொதிகலன், அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், வெப்பமானி, அலசத் தேவையில்லாத அமில சானிடைசர் ஆகியவையும் தேவை. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துக் கலக்குங்கள். விட்டுவைத்தால் பீரில் ஆஸ்பத்திரி வாடை அடிக்கும்.

23 லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு மால்ட் பொடியைக் கரையுங்கள். தீ எரியும்போது கொட்டினால் அடிப்பிடித்துக் கருகும். மறுபடி கொதி வருகையில் பாலைப் போலப் பொங்கி வழியும். அந்த நேரத்தில் நகராதீர்கள். நுரை அடங்கியதும் 25 கிராம் ஹாப்ஸ் போட்டு 60 நிமிடம் திறந்தே கொதிக்க விடுங்கள். கசப்பு இதில் இறங்கும். மீதி 25 கிராம் மணத்துக்கு. கடைசி 5 நிமிடத்தில் போட்டால் போதும். சுமார் 3 லிட்டர் ஆவியாகிவிடும். மிச்சம் 20 லிட்டருக்கும் கீழே போனால் கொதித்து ஆறிய தண்ணீரை ஊற்றி 20 லிட்டராக்கலாம்.

பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்தோ, செம்புக் குழாய்ச் சுருளை உள்ளே விட்டுத் தண்ணீர் ஓட்டியோ 20 டிகிரிக்குக் குளிர்வியுங்கள். இனி இதைத் தொடும் கரண்டி, குழாய், மூடி எல்லாம் சானிடைசரில் நனைந்திருக்க வேண்டும். அழுக்கின் மேல் சானிடைசர் வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கலனைத் தூக்கிப் போட்டுவிடலாம், கீறலுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும்.

நொதிகலனில் உயரத்திலிருந்து சளசளவென்று ஊற்றுங்கள். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் வேண்டும். ஆனால் இந்த ஒரு தடவை மட்டும்தான். ஹைட்ரோமீட்டர் 1.049 அளவில் காட்டும் (வெறும் தண்ணீருக்கு 1.000; சர்க்கரை கரைய ஏறும், நொதிக்க இறங்கும்). ஈஸ்டை 30 முதல் 35 டிகிரி வரையுள்ள 110 மில்லி தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்துச் சேர்த்து மூடுங்கள்.

வெப்பநிலையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். தேவை 18 முதல் 20 டிகிரி, அதுவும் அறையில் அல்ல, கலனுக்குள். நொதிக்கும்போது ஈஸ்டே சூடு கிளப்பும். உள்ளே அறையைவிட 2 முதல் 4 டிகிரி கூடுதலாக இருக்கும். கலனைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, உறைந்த தண்ணீர் பாட்டில்களைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். முதல் 3 நாள் காவல் காத்தால் போதும், பிறகு சற்று ஏறினாலும் கெடுதல் இல்லை. தொடக்கத்திலேயே 24ஐத் தாண்டினால் பெயிண்ட் தின்னர் போல நெடி வரும்.

ஏர்லாக்கில் குமிழி நின்றது என்று பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள். மூடி லேசாகக் கசிந்தாலும் குமிழி நிற்கும். 3 நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவும் 1.012ஐ ஒட்டி ஒன்றாக இருக்க வேண்டும். அப்போது ஆல்கஹால் 4.9 சதவீதம் அளவில் இருக்கும். 1.020லேயே நின்றால் 22 டிகிரிக்குச் சூடேற்றி, கலனை மெல்லச் சுழற்றிக் காத்திருங்கள். வெண்ணெய் வாசனை தெரிந்தால் இன்னும் சில நாள் விடுங்கள், அதை ஈஸ்டே தின்றுவிடும்.

பாட்டிலில் அடைக்க 115 கிராம் வெள்ளைச் சர்க்கரையை 300 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, பீரில் சலசலப்பின்றிக் கலக்குங்கள். இப்போது காற்று புகுந்தால் நனைந்த அட்டைப் பெட்டி ருசி வரும். சர்க்கரையைக் கண்ணளவில் போடுவது ஆபத்து: கூடினாலோ, நொதித்தல் முடியாமல் அடைத்தாலோ கண்ணாடி வெடித்துச் சிதறும். பீருக்கென்றே செய்த, கனமான பழுப்பு பாட்டில்களே சரி. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் நாறும். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலிலும் நிரப்பி வையுங்கள். அது அமுக்க முடியாதபடி கெட்டியானால் மற்றவற்றிலும் வாயு ஏறிவிட்டது என்று அர்த்தம். 20 டிகிரியில் 2 வாரம் வைத்து, ஒரு நாள் குளிர்வித்து, அடி வண்டலைப் பாட்டிலிலேயே விட்டு ஊற்றுங்கள்.