கெர்னல் கவிழ்ந்த பிறகு தடயம் எடுப்பது எப்படி? கேடம்ப், முதல் தடவை

செங்கோட்டையில் சாரல் பிடித்துக்கொண்ட ஒரு மாலை, நான் எழுதிய டிரைவர் லினக்ஸின் மையமான கெர்னலையே கவிழ்த்துவிட்டது. திரையில் மிஞ்சியது கடைசிச் சில வரிகள். வேண்டிய வரி அதற்கு மேலே ஓடிவிட்டது. கவிழ்ந்த நொடியில் ரேமில் இருந்தது அப்படியே கிடைத்தால்தான் விடை. அதுதான் க்ராஷ் டம்ப்.

செத்த கெர்னலையே டிஸ்கில் எழுதச் சொல்ல முடியாது. அதன் டிஸ்க் டிரைவரே கெட்டிருக்கலாம். அதனால் ரேமில் ஓர் ஓரம் ஒதுக்கி, இன்னொரு கெர்னலை முன்பே ஏற்றி வைக்கிறோம். இங்கிருந்து புனலூருக்கு மலையேறும் ரயிலுக்குப் பின்னால் இன்னோர் என்ஜின் மாட்டுவார்கள் அல்லவா, கிட்டத்தட்ட அதுபோல. ஆனால் இது தள்ளாது, முன் என்ஜின் நின்ற பிறகுதான் கிளம்பும். கிளப்பிவிடுவது கெக்செக், மொத்த ஏற்பாட்டுக்குப் பெயர் கேடம்ப்.

சரி, ஒரு விர்ச்சுவல் மெஷினில் தொடங்குங்கள். டெபியன், உபுண்டு என்றால் 'கேடம்ப்-டூல்ஸ்' பேக்கேஜை நிறுவி, கேட்கும் கேள்விகளுக்கு ஆம் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில். ரேம் ஒதுக்கச் சொல்வது 'க்ராஷ்கெர்னல்' என்ற பூட் அளவுரு. பேக்கேஜே ஓர் அளவு வைக்கும். அது போதாவிட்டால் இரண்டாம் கெர்னல் பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிடும், டம்ப் வராது. நான் 256 எம்பி வைக்கிறேன். மாற்றினால், கெர்னலை ஏற்றிவிடும் க்ரப்பைப் புதுப்பித்து, கட்டாயம் ரீபூட் செய்யுங்கள். ஒதுக்கீடு பூட் ஆகும்போது மட்டுமே நடக்கும். நான் முதல் தடவை ரீபூட்டை மறந்துவிட்டு, வராத டம்புக்காக அரைமணி காத்திருந்தேன்.

பிறகு 'கேடம்ப்-கான்ஃபிக் ஷோ' என்று அடியுங்கள். 'ரெடி டு கேடம்ப்' என்று வராமல் அடுத்த படிக்குப் போகவே வேண்டாம்.

இனி வேண்டுமென்றே கவிழ்க்கலாம். திறந்த கோப்புகளைச் சேமித்துவிட்டு, முழு அதிகாரமுள்ள ரூட்டாக மாறி, ப்ராக் அடைவில் உள்ள 'சிஸ்ஆர்க்யூ-ட்ரிகர்' கோப்பில் எக்கோ மூலம் 'சி' என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தை எழுதுங்கள். எக்கோவுக்கு முன்னால் சூடோ மட்டும் போட்டால் அனுமதி மறுக்கப்படும்; கோப்பைத் திறப்பது எக்கோ அல்ல, சாதாரண உரிமையோடு ஓடும் உங்கள் ஷெல்.

மெஷின் தானே மீண்டு வந்ததும் வார் அடைவில் 'க்ராஷ்' என்ற ஃபோல்டரைப் பாருங்கள். டம்ப் உங்கள் ரேம் அளவுக்கு இருக்காது. காலிப் பக்கங்களை விட்டுவிட்டு மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி அதைச் சுருக்கிவிடும்.

திறந்து பார்க்க 'க்ராஷ்' கருவியும், ஓடிய கெர்னலின் அதே பதிப்புக்கான டீபக் குறியீடுகளும் (நினைவக முகவரிகளை ஃபங்ஷன் பெயர்களோடு பொருத்தும் தகவல்) வேண்டும். கருவிக்குள் 'லாக்' என்றால் கடைசிச் செய்திகள் வரும். 'பிடி' என்றால் அழைப்பு வரிசை, அதாவது எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்பது. அதில் 'சிஸ்ஆர்க்யூ_ஹேண்டில்_க்ராஷ்' தெரிந்தால், அது நீங்கள் எழுதிய அந்தச் 'சி'. என் டிரைவரின் டம்பில் அந்த இடத்தில் நின்றது, ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தைத் தொட்ட என்னுடைய ஒரு ஃபங்ஷன்.