கொரோனா நிவாரணப் பட்டியலைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

2020-ல் அமெரிக்க வேளாண்மைத் துறை விவசாயிகளுக்குக் கொரோனா நிவாரணம் கொடுத்தது. ஏப்ரலில் அறிவித்த முதல் சுற்றுக்கு 1,600 கோடி டாலர், செப்டம்பரில் அறிவித்த இரண்டாவது சுற்றுக்கு 1,400 கோடி வரை. யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு பொதுவில் கிடைக்கிறது. ஐயோவா மாநிலத்தின் சூ கவுண்டி மாதிரி, பன்றியும் மக்காச்சோளமுமாக இருக்கும் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) பட்டியலைத் திறந்தால் தொகைகள் கண்ணைப் பறிக்கும். உடனே எடை போட்டுவிடுகிறோம். தப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அதிகம் வாங்கியவர் அதிகம் நஷ்டப்பட்டவர் என்று நினைப்பது முதல் தவறு. தனி ஆளின் நஷ்டத்தை யாரும் போய் அளக்கவில்லை. தானியம் என்றால் புஷெலுக்கு (தானியம் அளக்கும் அளவு) இவ்வளவு, கால்நடை என்றால் தலைக்கு இவ்வளவு என்று நாடு முழுக்க ஒரே விகிதம். முதல் சுற்றில் மக்காச்சோளத்துக்கு என்ன கணக்கு தெரியுமா? 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசாமல் கையில் இருந்த இருப்பு. இரண்டில் எது குறைவோ அதற்கு, புஷெலுக்குச் சராசரியாக 33.5 சென்ட். ஒருவருக்கு 40,000 புஷெல் விளைந்து, 26,000 குதிரில் கிடந்தால், 20,000-க்குத்தான் பணம்: 6,700 டாலர். அதே அளவு விளைந்த பக்கத்துக் காட்டுக்காரர் அறுவடையோடு 30,000 புஷெலை விற்றிருந்தால், மிச்சம் 10,000-க்கு 3,350 டாலர். உழைப்பு ஒன்று, பணம் பாதி. விற்றவர் நல்ல விலைக்கு விற்றிருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

முதல் சுற்றில் ஆரம்பத்தில் 80 சதவீதம்தான் கொடுத்தார்கள், மீதி அப்புறம் வந்தது. ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் இரட்டிப்பாக வாங்கிவிட்டார் என்று கத்த வேண்டாம்.

முகவரியும் ஏமாற்றும். அதில் இருப்பது பணம் வாங்கியவரின் முகவரி, நிலத்தின் முகவரி அல்ல. நிலத்தைப் பங்கு வாரத்துக்கு விட்டவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு, அதனால் நிவாரணத்திலும் பங்கு உண்டு. அவர் சிகாகோவில் உட்கார்ந்திருக்கலாம். ரொக்கக் குத்தகை என்றால் உழுபவருக்கே முழுதும். அப்புறம் உச்சவரம்பு: முதல் சுற்றில் ஆளுக்கு 2,50,000 டாலர். மூன்று பங்குதாரர்கள் உண்மையாகவே வேலை பார்க்கும் நிறுவனம் என்றால் 7,50,000 வரை போகலாம். பெரிய எண்ணுக்குப் பின்னால் எத்தனை குடும்பம் என்று பார்க்காமல் பேசுவது வீண்.

கொரோனா காலத்தில் சிறுதொழில்களுக்குக் கொடுத்த சம்பளப் பாதுகாப்புக் கடனை (PPP) இதோடு கூட்டுவது இன்னொரு வழக்கமான பிழை. அது வேறு துறை, வேறு பட்டியல். நிபந்தனைப்படி செலவழித்தால் தள்ளுபடியாகும் கடனாக அது இருந்தது. அதில் 20,833 டாலர் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்பட வேண்டியதில்லை: ஆள் வைக்காமல் தனியாகத் தொழில் செய்தவருக்கு ஒரு கடனின் உச்சவரம்பே அதுவாகத்தான் இருந்தது.

எனக்கு மிகவும் உறுத்துவது பன்றிக் கொட்டகை விஷயம். 2020 ஏப்ரலில், எல்லைக்கு அந்தப் பக்கம் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் இருந்த பெரிய இறைச்சி ஆலை தொற்றால் மூடியது. விற்பனைக்குத் தயாரான பன்றிகள் கொட்டகையிலேயே தேங்கின. ஏப்ரல் 16 முதல் மே 14 வரை இருந்த அதிகபட்ச இருப்புக்குத் தலைக்கு 17 டாலர் என்றார்கள். 2,400 பன்றி இருந்தால் 40,800 டாலர். ஆனால் அது பன்றிக்குச் சொந்தக்காரருக்கு. ஐயோவாவில் கொட்டகை ஒருவருடையதும் பன்றி வேறு நிறுவனத்துடையதுமாக இருப்பது சாதாரணம். கொட்டகைக் கடனைத் தலையில் சுமந்து, விடிகாலையில் தீவனம் போட்ட ஒப்பந்த வளர்ப்பாளருக்கு அந்தப் பணத்தில் ஒன்றும் இல்லை. 2021-ல்தான் அவர்களுக்கும் வழி திறந்தது. முதல் சுற்றுப் பட்டியலில் அவர் பெயரைத் தேடிக் காணவில்லை என்றால், அவருக்கு நஷ்டமே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.