செங்கோட்டை வீட்டை விற்ற கதை: என் அனுபவம்

செங்கோட்டையில் தாத்தா விட்டுப்போன ஓட்டு வீடு ஆறு வருஷமாகப் பூட்டியே கிடந்தது. உத்திரத்தை விரலால் அழுத்தினால் கரையான் மண் பொலபொலவென்று கொட்டும். மராமத்து பார்த்துவிட்டு விற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொத்தனார் சொன்ன தொகையைக் கேட்டதும், சரி, மனை விலைக்கே போகட்டும் என்று விட்டுவிட்டேன். அது நல்ல முடிவுதான்.

உண்மையான சிக்கல் பத்திரத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்பு திருவிதாங்கூர்ப் பக்கம். மூலப்பத்திரம் மலையாளத்தில், ஆண்டு கொல்லம் 1110, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு. வாங்க வந்தவர் மிரண்டுபோனார். 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு 1935 என்று நான் சொன்னால் போதுமா? மலையாளம் தெரிந்த பழைய பத்திர எழுத்தர் ஒருவரை உட்காரவைத்து வரிவரியாகத் தமிழில் எழுதி வாங்கினேன். நான்கு எல்லையும் தெளிவானது. கிழக்கே இருக்கும் கிணற்றில் பாதி எங்களுடையது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று, பட்டா மாறுதல். பட்டாவுக்குத்தான் நாலு மாதம் அலைந்தேன். அத்தைக்கும் பங்கு உண்டு. "நீ சொன்ன இடத்துல கையெழுத்துப் போடுறேன்டா" என்றார். ஆனாலும் அவர் பங்கு எவ்வளவு என்று முதலிலேயே கணக்கு எழுதிக் கொடுத்தேன். அதைச் செய்யாமல் யாரும் பதிவு அலுவலகப் படி ஏறாதீர்கள்.

தேக்குக் கதவை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டோம். அதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டோம்.